அந்த எட்டுப் புள்ளிய விட்டுடாதீங்க

கேம் எழுதக் கத்துக்குடுக்கற வீடியோ மேல எனக்கு ஒரு கோபம் இருக்குதுங்க.

எல்லாம் நல்லாத்தான் சொல்லிக்குடுக்கறாங்க. படம் வரையறது, பொம்மைய நடக்க வெக்கறது, சத்தம் சேர்க்கறது எல்லாம் வருது. ஆனா ஸ்ப்ரைட் (கேம்ல வர்ற குட்டிப் படம்) எடிட்டர்ல ஒரு எடத்துக்கு வந்ததும், "இது அட்வான்ஸ்டு, இப்ப வேண்டாம்"னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிடறாங்க.

எதைன்னு கேக்கறீங்களா? படத்துக்குப் பக்கத்துல வரிசையா எட்டு சின்னப் புள்ளி இருக்கும். தொட்டா எரியும், மறுபடி தொட்டா அணையும். அதைத்தான்.

ஃப்ளாக்-னு பேரு. ஒவ்வொரு ஸ்ப்ரைட்டுக்கும் எட்டு ஃப்ளாக். என்னைக் கேட்டா, பொம்மைய நடக்க வெக்கறதுக்கு முன்னாடியே இதைத்தான் சொல்லிக்குடுக்கோணும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும். டீ போட்டுட்டு வந்து உக்காந்துக்கோங்க.

அக்கா பையன் பத்தாவது படிக்கறான். போன லீவுல இருந்து பிக்கோ-8-ல ஒரு கேம் செஞ்சிட்டு இருக்கான். (தெரியாதவங்களுக்கு: லெக்சலாஃபிள்-ங்கற பேர்ல ஜோசப் ஒயிட் உருவாக்கின ஒரு குட்டிக் கற்பனைக் கன்சோல் அது. திரை 128-க்கு 128 புள்ளி, 16 கலர், 8-க்கு 8 அளவுல ஸ்ப்ரைட், எழுதறது லுவா மொழியில. காசு குடுக்க முடியாதவங்க டிக்-80 எடுத்துக்கலாம், அது ஓப்பன் சோர்ஸ். கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும்.)

அவன் கேமோட கதை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. ஒரு பையன் பனியன் கம்பெனிக்குள்ள பண்டில் தூக்கிட்டுப் போறான். கட்டிங் டேபிள்ல இருந்து பவர் டேபிளுக்கு, அங்கிருந்து செக்கிங், அயர்னிங், பேக்கிங். வழியில மிஷின் இருக்கும், துணி ரோல் அடுக்கியிருக்கும், தரையில தண்ணி கெடக்கும். எதுலயும் மோதாம, பண்டில் நனையாமக் கொண்டுபோய்ச் சேர்க்கோணும். நம்ம திருப்பூர்ப் பையன் நம்மூரையே கேமாக்கறான், வேற என்ன வேணும்?

ஆனா கோடைத் தொறந்து பார்த்தா, நடக்கற எடத்துலயே இப்படி ஒரு வரி (டைல்னா வரைபடத்துல வெக்கற ஸ்ப்ரைட்):

டைல் நம்பர் 3-ஆ, இல்ல 4-ஆ, இல்ல 7-ஆ, இல்ல 19-ஆ, இல்ல 20-ஆ, இல்ல 35-ஆ... அப்படின்னா நில்லு.

போய்ட்டே இருக்குது. அந்த வீடியோவுல சொல்லிக்குடுத்த வழி அதுதான்.

"புதுசா ஒரு பீரோ வரைஞ்சா என்ன பண்ணுவ மாப்ள?"ன்னு கேட்டேன்.

"அந்த நம்பரையும் சேர்க்கோணும் மாமா. இங்க ஒண்ணு, தள்ளற எடத்துல ஒண்ணு, வரையற எடத்துல ஒண்ணு."

மூணு எடம். ஒரு பீரோவுக்கு! படம் வரையற வேலை ஒரு நிமிசம், நம்பரைத் தேடித் தேடிச் சேர்க்கற வேலை அரை மணி நேரம். இதுல எந்தப் பையனுக்கு ஆசை வரும், சொல்லுங்க?

இங்கதான் அந்த எட்டுப் புள்ளி வருது.

ஒரு ஸ்ப்ரைட் எப்படித் தெரியுதுங்கறது வேற. அதை எப்படி நடத்தோணும்ங்கறது வேற. முதல் விசயத்தைப் படத்துலயே வரைஞ்சாச்சு. ரெண்டாவது விசயத்தையும் ஸ்ப்ரைட்டோடயே ஒட்டி வெச்சிடலாம், கோடுக்குள்ள நம்பர் லிஸ்ட்டா எழுதத் தேவையே இல்ல. அதுக்குத்தான் ஃப்ளாக்.

நாங்க ரெண்டு பேரும் உக்காந்து, கோடை மூடி வெச்சிட்டு, நோட்டுல எழுதினோம்:

0 – மோதும்
1 – ஆளுக்குப் பின்னால வரையோணும்
2 – ஆளுக்கு முன்னால வரையோணும்
3 – ஈரம்
4 – தூக்கலாம்
5 – சூடு (அயர்ன் டேபிள்!)
6 – அசையும்
7 – திருப்பாதே

ஏழாவதுக்குக் கடைசியா வர்றேன், அது ஒரு தனிக்கதை.

இந்த எட்டுக்கும் ஒவ்வொரு மதிப்பு உண்டு. 1, 2, 4, 8, 16, 32, 64, 128. ஒவ்வொண்ணும் முன்னதுல ரெட்டிப்பு. ஏன் 1, 2, 3, 4-னு வெக்கல? ஏன்னா, ரெட்டிப்பா வெச்சா எந்தக் கூட்டுத்தொகையும் ஒரே ஒரு விதமாத்தான் வரும். 5-னு சொன்னா அது 4-ம் 1-ம்தான், வேற வழியே இல்ல. 1, 2, 3-னு வெச்சிருந்தா, 3-ங்கறது மூணாவதா, இல்ல ஒண்ணும் ரெண்டும் சேர்ந்ததான்னு தெரியாமப் போயிடும்.

துணி ரோலை எடுத்துக்கோங்க. மோதும் (1), ஆளுக்குப் பின்னால வரும் (2). ஆக 3.
மேல தொங்கற துணி: மோதாது, ஆளை மறைக்கும் (4). ஆக 4.
தரையில கெடக்கற தண்ணி: பின்னால (2), ஈரம் (8). ஆக 10.
அயர்ன் டேபிள்: மோதும் (1), பின்னால (2), சூடு (32). ஆக 35.

ஒரே ஒரு நம்பர். அதுக்குள்ள எட்டுக் கேள்விக்குப் பதில். எட்டும் சேர்ந்து மொத்தம் 256 விதம் வரும், அத்தனையும் ஒரு பைட்டுல அடங்கிடும். (ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிட்டு.)

சரி, நம்பர்ல இருந்து பதிலை எப்படி எடுக்கறது? & குறிதான். இந்தப் பக்கமும் எரியுது, அந்தப் பக்கமும் எரியுதுன்னா மட்டும் விடும், மத்ததை அணைச்சிடும். 35 & 32 போட்டா 32 வரும்: சூடு இருக்குது. 35 & 8 போட்டா 0: ஈரம் இல்ல. அவ்வளவுதான்.

சேர்க்கறதுக்கு | குறி. ஒரு புள்ளிய எரிய வெச்சிடும், ஏற்கெனவே எரிஞ்சா அப்படியே விட்டுடும். (கூட்டல் போட்டுடாதீங்க. ஏற்கெனவே 4 இருக்கற எடத்துல இன்னொரு 4-ஐக் கூட்டினா 8 ஆயிடும், தொங்கற துணி தண்ணியாயிடும்!) அணைக்கறதுக்கு & கூட ~ சேர்த்துப் போடோணும். எரிஞ்சா அணை, அணைஞ்சா எரிங்கற மாதிரி வேணும்னா ^^ குறி. பிக்கோ-8-ல ரெண்டு போடோணும், ஏன்னா ஒத்தை ^ அங்க அடுக்குக் கணக்குக்குப் போயிடுச்சு.

இனி, வழுக்கற எடம் ரெண்டு. ரெண்டும் அவன் கேமுலயே வந்துச்சு, அதனால உங்களுக்கும் வரும்.

முதல் எடம். ஸ்ப்ரைட்டோட ஃப்ளாக் நம்பரை எஃப்கெட்-ங்கற கட்டளையில வாங்கலாம். அதை வாங்கி "& 8" போட்டு அப்படியே இஃப்-க்குள்ள வெச்சோம். ஆள் எல்லா எடத்துலயும் வழுக்கறான்! காஞ்ச தரையிலயும் வழுக்கறான், அயர்ன் டேபிள் பக்கத்துலயும் வழுக்கறான். காரணம் லுவா. சி மொழியில, பைத்தான்ல எல்லாம் 0 வந்தா "இல்லை"னு அர்த்தம். லுவாவுல நில்-லும் ஃபால்ஸ்-ம் மட்டும்தான் "இல்லை". 0 வந்தாலும் அதுக்கு "ஆமா"தான். அதனால விடை 0 இல்லைன்னு நாமளே எழுதிக் கேக்கோணும். இல்லைன்னா எஃப்கெட்-கிட்ட ஸ்ப்ரைட் நம்பரும் ஃப்ளாக் நம்பரும் ரெண்டும் சேர்த்துக் குடுத்தா, அதுவே ஆமா-இல்லைன்னு சொல்லிடும்.

ரெண்டாவது எடம். ஃப்ளாக் நம்பர் வேற, ஃப்ளாக் மதிப்பு வேற. "ஈரம்"ங்கறது நம்பர் 3, மதிப்பு 8. எஃப்கெட்-க்கு நம்பர் குடுக்கோணும். வரையற கட்டளைக்கு மதிப்பு குடுக்கோணும். இதை மாத்திக் குடுத்தா எந்தப் பிழையும் காட்டாது, கேம் பாட்டுக்கு ஓடும், ஆனா வேற எதையோ வரைஞ்சு வெக்கும். நோட்டுல ரெண்டு காலம் போட்டு ரெண்டையும் எழுதி வெச்சுக்கறது நல்லது.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதிக்கு வர்றேன்.

பிக்கோ-8-ல மேப்-னு ஒரு கட்டளை. பெரிய வரைபடத்துல இருந்து ஒரு துண்டை எடுத்துத் திரையில வரையும். எந்த எடத்துல ஆரம்பிக்கறது, எவ்வளவு அகலம், எவ்வளவு உசரம்னு ஆறு எண் குடுப்போம். ஏழாவதா ஒரு எண் குடுக்கலாம், பல பேர் அதைக் கண்டுக்கறதே இல்ல. அந்த ஏழாவது எண்தான் ஃப்ளாக் மதிப்பு. அந்தப் புள்ளி எரியற டைலை மட்டும் வரையும், மத்ததைத் தொடாது.

அப்ப வரையற வேலை மொத்தமும் மூணே வரி:

மேப்(0, 0, 0, 0, 16, 16, 2) – தரை, மிஷின், ரோல்
ஆளை வரை
மேப்(0, 0, 0, 0, 16, 16, 4) – மேல தொங்கற துணி

அவ்வளவுதாங்க. ஆள் நடந்து போறான், மிஷினுக்கு முன்னால தெரியறான், தொங்கற துணிக்குப் பின்னால போய் மறையறான், அந்தப் பக்கம் வெளிய வர்றான். "எப்ப மறையோணும்"னு ஒரு வரி கூட யாரும் எழுதல. அன்னிக்கு அவன் அந்தத் துணிக்குள்ள போறதும் வர்றதுமா ஆளை நடத்திட்டே இருந்தான், பண்டிலைக் கொண்டுபோகவே இல்ல.

(ஒரு குறிப்பு: ஏழாவது எண்ணா 6 குடுத்தா, 2 எரியறதும் 4 எரியறதும் எல்லாம் வரும்னு தோணும். வராது. ரெண்டும் சேர்ந்து எரியறது மட்டும்தான் வரும். ரெண்டு அடுக்கும் வேணும்னா ரெண்டு தடவை கூப்பிடோணும்.)

(இன்னொண்ணு: 2-ம் இல்ல, 4-ம் இல்ல, 1 மட்டும் எரியுதுன்னா? அந்த டைலை எந்த அடுக்கும் வரையாது, ஆனா மோதும். கண்ணுக்குத் தெரியாத சுவர். கேம்ல இதுக்குத் தேவை நெறைய வரும்.)

(டிக்-80 வெச்சிருக்கறவங்களுக்கு: அங்க மேப்-ல ஃப்ளாக் கேக்கற எண் கெடையாது. பதிலா ரீமேப்-னு ஒரு ஃபங்ஷன் குடுக்கலாம். ஒவ்வொரு டைலும் அது வழியாத்தான் போகும். அதுக்குள்ள ஃப்ளாக்கைப் பார்த்து, வேண்டாத டைலுக்குப் பதிலா காலி டைல் நம்பரைத் திருப்பிக் குடுத்துடுங்க. வேலை முடிஞ்சுது.)

இது ஏதோ சின்னப் பசங்க விளையாட்டுக்கு மட்டும் ஆகற வித்தைன்னு நெனைக்காதீங்க. செலஸ்ட் கேள்விப்பட்டிருப்பீங்க. 2018-ல பெரிய கேமா வந்து பேர் வாங்குச்சே, அது முதல்ல 2015-ல பிறந்தது பிக்கோ-8-லதான். மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் நாலு நாள்ல செஞ்சது. அதோட கோடை யார் வேணும்னாலும் தொறந்து படிக்கலாம். படிச்சுப் பாருங்க. பின்னணிக்கு ஏழாவது எண் 4, நிலத்துக்கு 2, அப்பறம் ஆளு, கடைசியா முன்னால வர்றதுக்கு 8. மோதுமாங்கறதுக்கு ஃப்ளாக் 0. வழுக்கற பனிக்கட்டிக்கு ஃப்ளாக் 4. மலை முழுக்க ஏற வெக்கற ஒரு கேம், இந்தப் புள்ளிகள் மேலதான் நிக்குது.

இன்னும் பின்னால போங்க. நாம சின்ன வயசுல டிவி கேம்ல கேசட் சொருகி விளையாடின மேரியோ. பைப் மேல நின்னு கீழ அழுத்தினா, அவன் மெதுவா பைப்புக்குள்ள எறங்குவான். காலு மறையும், இடுப்பு மறையும், தொப்பி மறையும். அது எப்படி?

அந்த மிஷின்ல ஒரே நேரத்துல 64 ஸ்ப்ரைட். ஒவ்வொண்ணுக்கும் நாலே நாலு பைட்: மேல-கீழ எடம், எந்தப் படம், குணம், இட-வல எடம். அந்த மூணாவது பைட், குணம், முழுக்க ஃப்ளாக்தான். கீழ் ரெண்டு பிட்டு எந்தக் கலர் செட்டுன்னு சொல்லும். மதிப்பு 32 இருக்கற பிட்டு "பின்னணிக்குப் பின்னால போ"ன்னு சொல்லும். 64 இட-வலமாத் திருப்பும். 128 தலைகீழாத் திருப்பும். நடுவுல மூணு பிட்டு சும்மா கெடக்கும்.

பைப்புக்குள்ள எறங்கும்போது மேரியோவுக்கு அந்த 32-ஐ எரிய விடறாங்க. அவ்வளவுதான். ஆளைக் கீழ எறக்க எறக்க, பைப் தானா அவனை மறைக்குது. பெட்டியில இருந்து காளான் மேல வருமே, அதுக்கும் அதே பிட்டு. 1985-ல வந்த கேம். அப்ப நாமெல்லாம் வாயைப் பொளந்து பார்த்த அந்த மந்திரம், ஒரே ஒரு பிட்டுங்க!

இப்ப உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். திருப்பூர்க்காரனுக்கு இதெல்லாம் ஏன் இவ்வளவு புடிக்குதுன்னு.

ஏன்னா இதே வேலைய நம்மூர்ல இரும்புல செஞ்சு வெச்சிருக்கோம்.

நிட்டிங் மிஷின் பக்கம் போயிருக்கறவங்களுக்குத் தெரியும். 30 இஞ்ச் டயா, 24 கேஜ் மிஷின்னா சிலிண்டரைச் சுத்தி 2,200-க்கு மேல ஊசி. ஒவ்வொரு ஊசியோட முதுகுலயும் ஒரு சின்ன மேடு இருக்கும், பட்-னு சொல்லுவாங்க. நாலு டிராக் மிஷின்ல அந்தப் பட் நாலு உசரத்துல ஏதாவது ஒரு உசரத்துல இருக்கும். ஊசிய வாங்கும்போதே "ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்"னு பிரிச்சுத்தான் வாங்கறது.

வெளிய கேம் பாக்ஸ். (விளையாட்டு இல்ல, ஊசியத் தூக்கற கேம்.) ஒவ்வொரு ஃபீடருக்கும் (நூல் குடுக்கற எடம்) நாலு டிராக்குக்கும் தனித்தனியா கேம் மாட்டலாம். நிட் கேம் ஊசிய முழுசாத் தூக்கும், பழைய கண்ணி கழண்டு புதுக் கண்ணி விழும். டக் கேம் பாதி தூக்கும், பழைய கண்ணியும் நிக்கும், புது நூலும் சேர்ந்துக்கும். மிஸ் கேம் தூக்கவே தூக்காது, நூல் பின்னால அப்படியே ஓடிடும்.

சிலிண்டர் சுத்துது. ஃபீடர் கேக்குது: "இந்த உசரத்துல யாருக்குப் பட் இருக்குது?" இருக்கற ஊசி மட்டும் எந்திரிக்குது. மத்ததெல்லாம் அது வேலைய அது பார்க்குது.

இதேதாங்க மேப் கட்டளையோட ஏழாவது எண். பட் தான் ஃப்ளாக். கேம் தான் கேள்வி. ரெண்டும் சந்திக்கற எடத்துலதான் & நடக்குது. காலர் டீசர்ட்டுக்குப் போடற பிக்கே துணி இருக்குதே, புள்ளி புள்ளியா மேடு தெரியும். அது ஒரு ஃபீடர்ல ஒத்தைப்படை ஊசிக்கு நிட், இரட்டைப்படைக்கு டக், கொஞ்சம் தள்ளி அதையே மாத்திப்போட்டு வர்றதுதான். நூலும் மாறல, ஊசியும் மாறல. யாரை எந்திரிக்கச் சொல்றோம்ங்கறது மட்டும்தான் மாறுது, துணியே மாறிடுது.

வித்தியாசமும் இருக்குது, அதையும் சொல்லிடறேன். சாதாரண ஊசிக்கு ஒரே ஒரு பட். ஸ்ப்ரைட்டுக்கு எட்டுப் புள்ளியும் ஒண்ணா எரியலாம். அங்க நிட், டக், மிஸ்-னு மூணு நெலமை. ஆமா-இல்லைங்கற ஒரே பிட்டுல மூணை அடக்க முடியாது, ரெண்டு பிட்டு வேணும். மேரியோவுக்கு நாலு கலர் செட் வேணும்னு ரெண்டு பிட்டு ஒதுக்கினாங்களே, அதே கணக்கு.

மாப்ளைய நான் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கிருந்த ஃபிட்டர் அண்ணன் ஒரு கேம் பாக்ஸைக் கழட்டி உள்ள காட்டினார். பையன் நாலு டிராக்கையும் விரல்ல தடவிப் பார்த்துட்டு, "அப்ப இது நாலு ஃப்ளாக்குங்களா அண்ணா?"ன்னு கேட்டான். அவருக்கு ஃப்ளாக்-னா என்னன்னு தெரியாது. இவன் சொன்னான். அவர் கேட்டுட்டு, "ஆமாங் கண்ணு, அதேதான்"னார். ரெண்டே நிமிசத்துல ரெண்டு பேரும் ஒரே விசயத்தைப் பேசிட்டு இருந்தாங்க. எந்தக் காலேஜ் வகுப்புலயும் பைனரிய இவ்வளவு சுலபமா யாரும் சொல்லிக்குடுத்து நான் பார்க்கல.

சரி, ஏழாவது ஃப்ளாக். "திருப்பாதே".

ஆள் வலது பக்கம் நடக்கறதுக்கு ஒரு படம் வரைஞ்சா போதும், இடது பக்கம் போறப்ப அதையே திருப்பிக்கலாம். பிக்கோ-8-ல ஸ்ப்ரைட் வரையற கட்டளைக்குக் கடைசி ரெண்டு எடத்துல ஆமா-இல்லை குடுக்கோணும். டிக்-80-ல அதையும் ஃப்ளாக்காவே வெச்சிருக்காங்க: 0 திருப்பாது, 1 இட-வலம், 2 தலைகீழ், 3 ரெண்டும். (1-ம் 2-ம் சேர்ந்தா 3. எங்க போனாலும் இதேதான்!)

நம்ம ஆள் தூக்கிட்டுப் போற பண்டில் மேல சைஸ் எழுதியிருக்கான் மாப்ள: "எல்". இடது பக்கம் திரும்பினதும் எழுத்தும் கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பிடுச்சு. எழுத்து போட்ட காலர் ஓட்டறவங்களுக்கு இது மாதிரித் தொந்தரவு நல்லாவே தெரியும். காலர் மடிஞ்சு கீழ பார்த்து நிக்கற சமாச்சாரம், எழுத்தோட கால் கழுத்துத் தையல் பக்கம் இருந்தா, போட்டதுக்கப்பறம் தலைகீழாத்தான் தெரியும்.

இதுக்குத்தான் ஃப்ளாக் 7. ஆளை ஒரு ஸ்ப்ரைட்டாவும், பண்டிலைத் தனி ஸ்ப்ரைட்டாவும் பிரிச்சோம். வரையறதுக்கு முன்னாடி கேக்கறோம்: 128 எரியுதா? எரிஞ்சா திருப்பாம வரை. ஆள் திரும்பறான், சைஸ் நேரா நிக்குது.

இன்னொரு முக்கியமான சமாச்சாரம். ஃப்ளாக் ஸ்ப்ரைட்டுக்குச் சொந்தம். வரைபடத்துல அது வெச்சிருக்கற எடத்துக்குச் சொந்தம் இல்ல. கதவு தொறக்கோணும்னு கதவு ஸ்ப்ரைட்டோட "மோதும்" புள்ளிய ஓடும்போது அணைச்சீங்கன்னா, கம்பெனியில இருக்கற அத்தனை கதவும் ஒரே நேரத்துல தொறந்துக்கும். ஒரு கதவு மட்டும் தொறக்கோணும்னா, அந்த எடத்துல "தொறந்த கதவு"ன்னு வேற ஸ்ப்ரைட்டை வெச்சிடுங்க.

ஆளுக்கு ஆள் மாறற நெலமை (நனைஞ்சுட்டான், பண்டில் வெச்சிருக்கான், அடிபட்டு மினுக்கறான்) எல்லாம் அந்தந்த ஆளோட தனி நம்பர்ல இருக்கட்டும். அதே &, அதே |, ஆனா வேற நோட்டு.

எல்லாத்தையும் ஃப்ளாக்ல திணிக்கவும் வேண்டாம். எத்தனை உசுரு பாக்கி இருக்குதுங்கறது ஃப்ளாக் இல்ல, அது சாதாரண எண். நாலு திசையில எந்தத் திசைங்கறதும் ஃப்ளாக் இல்ல, ஒரே நேரத்துல வடக்கயும் தெக்கயும் பார்க்க முடியாதே. "ஆமாவா, இல்லையா" கேள்வியும், பல பதில் ஒண்ணா இருக்கலாம்ங்கற எடமும் எங்க சேருதோ, அங்கதான் ஃப்ளாக்.

நாளைக்கு இந்தப் பையன் பெரிய என்ஜினுக்குப் போனாலும் இது கூடவே வரும். கோடோ-ல மோதற அடுக்கு 32 இருக்குது. யூனிட்டியிலயும் 32. ஒவ்வொரு பொருளும் "நான் எந்த அடுக்கு"ன்னு ஒரு நம்பர் வெச்சிருக்கும், "நான் யாரையெல்லாம் மோதுவேன்"னு தீர்மானிக்கறதும் அதே பிட்டுக் கணக்குதான். அங்க புதுசா சேர்றவங்க அந்தக் கட்டங்களைப் பார்த்து முழிப்பாங்க. இவன் முழிக்க மாட்டான்.

ஆனா நான் இதை இவ்வளவு வலியுறுத்தறதுக்குக் காரணம் அது இல்லைங்க. காரணம் அவனோட தங்கச்சி.

அவ ஏழாவது படிக்கறா. கோடு எழுதத் தெரியாது, ஆனா நல்லா வரைவா. முன்ன எல்லாம் அவ ஒரு படம் வரைஞ்சா, அண்ணன் மனசு வெச்சு நம்பரைச் சேர்த்தாத்தான் அது கேமுக்குள்ள வரும். அவன் "அப்பறம் பார்க்கலாம் போ"ன்னுவான். அவ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா.

இப்ப நோட்டுல இருக்கற அந்த எட்டு வரி அவளுக்கு மனப்பாடம். சாயத்தண்ணி பக்கெட் ஒண்ணு வரைஞ்சா. மோதும், பின்னால, ஈரம்னு மூணு புள்ளியத் தொட்டா. வரைபடத்துல கொண்டுபோய் வெச்சா. ஓட விட்டா. வேலை செய்யுது! அண்ணன்கிட்டக் கேக்கவும் இல்ல, கோடுல ஒரு எழுத்து மாறவும் இல்ல. அடுத்து கூரையில இருந்து தொங்கற ட்யூப் லைட், அப்பறம் படுத்துத் தூங்கற ஒரு பூனை (மோதாது, பின்னால, தூக்கலாம்). கேமுக்குள்ள இருக்கற பாதி சாமான் இப்ப அவ வரைஞ்சதுதான்.

நல்ல கோடுன்னா என்னன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். கோடு தெரியாத ஒருத்தர், உங்களை எழுப்பிக் கேக்காம, அவங்க நெனச்சதைச் செய்ய முடியோணும். அந்த நீளமான நம்பர் லிஸ்ட் எழுதினவனை மட்டும்தான் உள்ள விட்டுச்சு. எட்டுப் புள்ளி தங்கச்சியையும் உள்ள விட்டுடுச்சு.

அதனால கத்துக்குடுக்கறவங்களுக்கு என் வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணு. "அட்வான்ஸ்டு"ன்னு சொல்லிப் பயமுறுத்தாதீங்க. முதல் வகுப்புலயே ஒரு தாளைக் குடுத்து, "உன் கேம்ல ஒரு பொருளைப் பத்தி ஆமா-இல்லைன்னு கேக்கக்கூடிய எட்டுக் கேள்விய எழுது"ன்னு சொல்லுங்க. பக்கத்துல 1, 2, 4, 8-னு மதிப்பையும் போடச் சொல்லுங்க. எட்டு ரொப்ப முடியலைன்னா பரவாயில்ல, நாலே போதும். அதுக்கப்பறம் கம்ப்யூட்டரைத் தொறங்க.